பெப்பர் ஜெல்: காற்றடித்தாலும் கைகொடுக்கிறது

மகள் இரவுப் பணிக்குப் போகத் தொடங்கியதும் தாக்க வருபவரின் கண்ணை எரியவைக்கும் பெப்பர் ஸ்பிரேயில், கூழ்போன்ற ஜெல் வகையைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் காற்று. சாதாரண ஸ்பிரே புகைபோல் பரவும். எதிர்க்காற்று அடித்தால் தெளித்தவர் கண்ணும் எரியும். ஜெல் நேராகப் பாய்ந்து பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் முகத்தைக் குறிபார்த்தாக வேண்டும். பதற்றத்தில் அது எளிதல்ல. காரமில்லாத பயிற்சிக் குப்பியும் உடன் வந்தது, அதற்கே தனிப் பாராட்டு. குப்பியின் பாதுகாப்புப் பூட்டை இருட்டிலும் கட்டைவிரலால் திறக்க முடிகிறது. காலாவதித் தேதியைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. நாளானால் உள்ளழுத்தம் குறைந்து பாயாமல் போகலாம் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியாதா என்ன? விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை. நடுங்கும் கையோடு இருக்கும் என் அம்மாவுக்கு இது வேண்டாம். செருகியிருக்கும் ஊசியை இழுத்ததும் அலறும் 130 டெசிபல் அலாரமே அவருக்குப் போதும்.