பிரீடெக்ஸ்டும் கிட்டும்: ஒரு பாடநூலை ஆறு பேர் சேர்ந்து திருத்திய எட்டு மாதம்

11 வருடங்களாக நான் நேரியல் இயற்கணிதம் நடத்துவது ஒரே பாடநூலை வைத்துத்தான். திறந்த உரிமத்தில் வந்த நூல் அது. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பில் நான் கொடுக்கும் தாள் பாடத்திட்டம் அல்ல, பிழைத்திருத்தப் பட்டியல். 2 பக்கத்தில் ஆரம்பித்த பட்டியல் 7 பக்கமாக வளர்ந்துவிட்டது. திருத்திக்கொள்ளுங்கள் என்று உரிமை கொடுத்திருக்கும் நூலுக்கு வருடா வருடம் பிழைப் பட்டியல் அச்சடிப்பதை என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அதே நூலை நடத்தும் ஐந்து ஆசிரியர்களிடம் பேசினேன். எட்டு மாதத்துக்கு முன் மூலக்கோப்பிலேயே கைவைத்தோம்.

அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட கருவி பிரீடெக்ஸ்ட். கோப்புகளைப் பகிர கிட்டும் கிட்ஹப்பும். பலர் செய்யும் திருத்தங்களை வரி வரியாகப் பதிந்து ஒன்றுசேர்க்கும் மென்பொருள் கிட். அந்தக் கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம் கிட்ஹப். இந்தக் கூட்டணி எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பிரீடெக்ஸ்ட்டைத் தொடங்கியவர் ராபர்ட் பீசர் என்ற கணிதப் பேராசிரியர். எக்ஸ்எம்எல், அதாவது ஒவ்வொரு பகுதியையும் ஆரம்பக் குறி, முடிவுக் குறிக்குள் எழுதும் முறை, அதன் அடிப்படையில் அமைந்த எழுத்துமுறை இது. ‘இது தேற்றம்’, ‘இது நிரூபணம்’, ‘இது பயிற்சி, இது அதன் குறிப்பு, இது விடை’ என்று ஒவ்வொன்றும் என்ன என்பதை மட்டும் நாம் சொல்கிறோம். பக்கத்தில் அது எப்படித் தெரிய வேண்டும் என்ற கவலை நமக்கு இல்லை. ஒரே மூலத்திலிருந்து வலைப்பக்கம், பிடிஎஃப், ஈபப் மின்னூல், பிரெய்ல் எல்லாம் வரும். சூத்திரங்களை மட்டும் வழக்கம்போல லேடெக்ஸ் (கணித நூல்களை அச்சுக்கோக்கக் கணிதக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருள்) முறையில் எழுதலாம்.

முதல் மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. எங்கள் நூல் முழுக்க அணிகள். லேடெக்ஸில் அணியின் நெடுவரிசைகளைப் பிரிக்கப் போடும் ‘ஆம்பர்சண்ட்’ (&) குறிக்கு எக்ஸ்எம்எல்லில் வேறு வேலை உண்டு. அதனால் ஒவ்வொரு அணியிலும் அந்தக் குறிக்குப் பதிலாகப் பின்சாய்வுக்கோடும் ‘ஆம்ப்’ என்ற சொல்லும் (\amp) வர வேண்டும். மொத்தமாகத் தேடி மாற்றினோம். அப்படியும் சில இடங்கள் தப்பின. ஒரே ஒரு குறி தப்பினால்கூட நூல் உருவாகாது. அப்புறம், ஆரம்பக் குறியும் முடிவுக் குறியுமாக எழுத வேண்டியது நிறைய. ஒரு சாதாரணப் பயிற்சிக்கே பத்துப் பன்னிரண்டு வரி ஆகிவிடும். லேடெக்ஸில் வேகமாக எழுதிப் பழகியவர்களுக்கு இது கை கட்டியதுபோல இருக்கும். எங்களில் ஒருவர் இரண்டாம் வாரமே விலக நினைத்தார்.

அவரைத் தங்க வைத்ததும், இந்த வேலையைப் பற்றி எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்ததும் ஒரு சின்னப் பயிற்சி. அதை விவரமாகவே சொல்கிறேன்.

முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. இந்த அணிக்கு ஐகன் மதிப்பு 2-ஐச் சேர்ந்த வெக்டரைக் காண்க என்பது கேள்வி. அதாவது, அணியால் பெருக்கினால் அப்படியே இரண்டு மடங்காகும் வெக்டர் எது என்று. நூலில் அச்சாகியிருந்த விடை (1, 2). பெருக்கினால் (2, 4) வர வேண்டும், ஆனால் (6, 8) வருகிறது, தவறு. சரியான விடை (1, −2). கழித்தல் குறி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். எங்களில் ஒருவர் விடையை (1, −2) என்று திருத்தி அனுப்பினார். அதே வாரம் இன்னொருவரும் இந்தப் பிழையைக் கண்டார். அடுத்த பிரிவில் உள்ள படம் (1, 2) என்ற அம்பை வைத்தே வரையப்பட்டிருந்ததால், அவர் விடையைத் தொடாமல் கேள்வியை மாற்றினார்: முதல் வரிசை 4, −1, இரண்டாம் வரிசை 2, 1. இதற்கும் 2 ஒரு ஐகன் மதிப்பு, அதற்கு (1, 2) சரியான வெக்டர். இரண்டு திருத்தமும் தனித்தனியே குற்றமில்லாதவை.

இரண்டையும் கிட் சேர்த்துக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. ஒரே வரியையோ ஒட்டிய வரிகளையோ இருவர் மாற்றினால்தான் கிட் நிறுத்திக் கேட்கும். இங்கே கேள்வி ஒரு வரியில், விடை ஏழெட்டு வரி தள்ளி. ஆக, புதிய கேள்வியும் புதிய விடையும் ஒன்றாக நூலில் உட்கார்ந்தன. பெருக்கினால் (6, 0). பழைய பிழை போய்ப் புதுப் பிழை வந்தது, அதுவும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகு.

கிட் வரிகளைக் காக்கும். கணிதம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. கூட்டாகப் பாடநூல் திருத்தப் போகிறவர்கள் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒன்று, எந்தப் பயிற்சியைத் தொட்டாலும் முதலில் அதற்கென கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ (வேலைக் குறிப்பு) திறந்து தன் பெயரைப் போட வேண்டும். ஒரே பயிற்சியை இருவர் தொடக் கூடாது. இரண்டு, சேர்த்த பிறகு சரிபார்ப்பவர் மூலக்கோப்பைப் பார்த்தால் போதாது, உருவான பக்கத்தைத் திறந்து, தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பிரீடெக்ஸ்ட்டில் சேஜ் என்ற கணித மென்பொருளின் கணிப்பொறிக் கட்டங்களை நூலுக்குள்ளேயே வைக்கலாம் என்பதால், எண் விடையுள்ள பயிற்சிகளுக்கு ஒரு கட்டமும் சேர்த்தோம். மாணவர் அதை இயக்கித் தன் விடையைத் தானே சோதிக்கலாம். இது நூலுக்கே ஒரு நல்ல சேர்க்கை.

இந்த இடத்தில்தான் அந்த நீளமான எக்ஸ்எம்எல்லின் அருமை புரிந்தது. கேள்வி, குறிப்பு, விடை மூன்றும் ஒரே பயிற்சிக்குள் அடுத்தடுத்து இருக்கும். பழைய லேடெக்ஸ் கோப்பில் விடைகள் நூலின் கடைசியில் தனிக் கோப்பாகக் கிடந்தன. கேள்வியைத் திருத்துபவர் விடையைப் பார்க்கவே மாட்டார். விலக நினைத்தவர் இதைக் கண்டபின்தான் மனம் மாறினார்.

தேற்ற எண்கள் அடுத்த விஷயம். நடுவில் ஒரு தேற்றத்தைச் சேர்த்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் நகரும். பிரீடெக்ஸ்ட்டில் ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு அடையாளப் பெயர் கொடுக்கலாம். நூலுக்குள் அதைச் சுட்டும் இடங்களில் எண் தானாகவே சரியாகிவிடும். ஆனால் மாணவரின் குறிப்பேட்டில் எழுதிய பழைய எண்ணை எந்தக் கருவியும் மாற்றாது. இயற்கணித வடிவியலுக்கான ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என்ற இணைய நூல் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது: ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு எழுத்துக் குறி, அது ஒருபோதும் மாறாது. 7,000 பக்கங்களைத் தாண்டிய நூலில் அதனால்தான் வழி தவறுவதில்லை. நாங்கள் எளிமையாக ஒன்று செய்தோம்: வகுப்பு நடக்கும் மாதங்களில் எண் நகரும் திருத்தம் எதையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு சின்ன யோசனை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பத்தியே மாறியதாகக் கிட் காட்டும். படிப்பவர் கண் வலிக்கும்.

உரிமத்தில் நாங்கள் கொஞ்சம் வருந்தினோம். எங்கள் நூல் ஜிஎன்யு கட்டற்ற ஆவண உரிமத்தில் இருப்பது. வேறொரு நூலில் அருமையான பயிற்சிகள் இருந்தன, ஆனால் அது கிரியேட்டிவ் காமன்ஸ் ஷேர்அலைக் உரிமம். இரண்டும் திறந்தவைதான், ஆனால் மாற்றியதைத் தன் உரிமத்திலேயே வெளியிட வேண்டும் என்று இரண்டுமே கேட்பதால், ஒன்றின் பகுதியை அப்படியே எடுத்து மற்றதில் சேர்க்க முடியாது. 30 பயிற்சிகளை நாங்களே புதிதாக எழுதினோம். ஆரம்பிக்கும் முன்பே உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

பிரெய்ல் வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூத்திரங்கள் கணிதத்துக்கான பிரெய்ல் முறையான நெமெத் குறிமுறையில் வருகின்றன. என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். இதுவரை அவருக்கு அணிகளை யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தை அவரே விரலால் படித்துவிட்டு, ஒரு அணியில் வரிசை குறைவாக இருக்கிறது என்று சொன்னார். உண்மைதான், குறைந்திருந்தது. படங்களுக்கு மட்டும் நாம் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டும். அந்த வேலையை ஒத்திப்போடாதீர்கள்.

தனியாகக் குறிப்பு எழுதுபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், லேடெக்ஸே போதும். பல பேர் பல வருடம் திருத்தப்போகும் நூல் என்றால், முதல் மூன்று வாரக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு இதையே எடுங்கள். கணினியில் எதையும் நிறுவாமல் கிட்ஹப்பின் கோட்ஸ்பேஸில், உலாவியிலேயே வேலை செய்யவும் முடியும்.

போன வாரம் முதலாண்டு மாணவி ஒருத்தி அப்படித்தான் தன் முதல் திருத்தத்தை அனுப்பினாள். ஐகன் வெக்டரின் வரையறையில் ‘பூச்சியமற்ற’ என்ற சொல் விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால் பூச்சிய வெக்டர் எல்லா எண்ணுக்கும் ஐகன் வெக்டராகிவிடும் என்று விளக்கமும் எழுதியிருந்தாள். 11 வருடமாக அந்த வரையறையை நடத்துகிற என் கண்ணில் அது படவே இல்லை. அன்று மாலையே சேர்த்துவிட்டோம். என் ஏழு பக்கப் பட்டியலில் இப்போது 9 வரிகள் மிச்சம்.