ரூட் கெனால் செய்த பல்லில் எந்த ஒட்டு நிற்கும்?

போன மாதம் ஓர் அம்மா டிஷ்யூ தாளில் எதையோ மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பிரித்தால், கீழ்க் கடைவாய்ப் பல்லின் கேப். கேப் மட்டும் கழன்றிருந்தால் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். இதில் பல்லின் நடுவே வைத்த ஃபில்லிங்கும் கேப்போடு சேர்ந்து முழுதாக வந்திருந்தது. "சோத்தோட வந்துடுச்சு தம்பி, நல்லவேளை முழுங்கல" என்றார். ஃபில்லிங்கின் அடிப்பக்கத்தை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். அச்சில் வார்த்ததுபோல வழவழவென்று இருந்தது, பல்லின் துணுக்கு ஒன்றுகூட அதில் இல்லை. நன்றாகப் பிடித்திருந்த ஒட்டு பிய்ந்தால் அந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். இது முதல் நாளிலிருந்தே சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்.

எந்த பாண்டிங், அதாவது ஃபில்லிங்கைப் பல்லோடு ஒட்டும் பசை, நல்லது என்று இளைய பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆசிட் வைத்துக் கழுவும் முறையா, கழுவாத முறையா, இல்லை நேரடியாக ஒட்டும் சிமெண்டா? இவற்றை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பசைகளில் பெரும்பாலானவை உயிருள்ள பல்லின் புதிதாக வெட்டிய டென்டினை (எனாமல் என்ற வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதி) மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ரூட் கெனால் முடித்த பல்லோ சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நெடுநேரம் ஊறியிருக்கும். துணிக்குப் போடும் ப்ளீச்சும் அதேதான். கிருமியையும் அழுகிய திசுவையும் அது கரைக்கும், அந்த வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் டென்டினில் உள்ள கொலாஜன் என்ற புரத நாரையும் சேர்த்து அரித்துவிட்டு, பரப்பில் ஆக்சிஜனை விட்டுப்போகும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ரெசின், அதாவது இந்தப் பசைகளில் இறுகிக் கெட்டியாகும் பொருள், முழுதாக இறுகாது. அப்புறம் யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயின் சாரம். வேர்க்குழாயை அடைக்கும் பல சீலர்களிலும் தற்காலிக அடைப்புகளிலும் இருப்பது. பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரும் வாசனை பெரும்பாலும் அதுதான். அதுவும் ரெசின் இறுகுவதைத் தடுக்கும்.

சரி, இப்போது போட்டியாளர்கள்.

முதலாவது ஆசிட் முறை. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் 1955இல் எனாமலை பாஸ்பாரிக் ஆசிடால் அரித்து அக்ரிலிக்கை ஒட்டிக் காட்டினார். அங்கிருந்து வளர்ந்தது இது. இன்று 37 சதவீத ஜெல், பெரும்பாலும் நீல நிறம். டென்டினில் 15 வினாடி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். எனாமலில் இதற்கு ஈடு கிடையாது. டென்டினில்தான் சிக்கல். ஆசிட் கனிமத்தை எடுத்ததும் கொலாஜன் வலைபோல நிற்கும், பசை அந்த வலைக்குள் இறங்க வேண்டும். அதிகம் காய்ந்தால் வலை படுத்துவிடும், தண்ணீர் தேங்கினால் பசை நீர்த்துவிடும். மேலோட்டமான சொத்தைக் குழியில் இந்த ஈரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிடலாம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் நரம்பு இருந்த நடு அறையோ சின்னக் கிணறு. காற்றை அடித்தால் மேல் சுவர் வறண்டுபோகும், தரையில் மட்டும் தண்ணீர் மினுங்கும். ஒரே அறைக்குள் இரண்டு தவறும் நடக்கும். அதோடு, அரித்த கொலாஜனைப் பசை முழுதாக மூடாவிட்டால், டென்டினிலேயே உள்ள நொதிகள் வருடக்கணக்கில் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கழுவாத முறை. ஆசிட் பசையோடு கலந்தே இருக்கும், அதனால் எவ்வளவு ஈரம் விடுவது என்ற கேள்வியே பாதி தீர்ந்துவிடும். அமிலம் மிதமாக உள்ள வகைகளில் இருக்கும் எம்.டி.பி. என்ற மூலக்கூறு பல்லின் கால்சியத்தோடு வேதிப் பிணைப்பே போடும். கொலாஜன் அரிபட்ட சுவரிலும் கனிமம் மிச்சம் இருக்கும் என்பதால் எனக்கு இது பெரிய ஆறுதல். எனாமலில் மட்டும் இது சற்றுப் பலவீனம். எனவே விளிம்பில் இருக்கும் எனாமலுக்கு மட்டும் ஆசிட் ஜெல் வைத்துக் கழுவிவிட்டு, உள்ளே கழுவாத பசையைப் பூசுகிறேன். நடு அறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். இரண்டு பாட்டில் வகை, ஒரு பாட்டில் வகை இரண்டும் கையில் இருந்தால் இரண்டு பாட்டிலையே எடுப்பேன். ஒரு பாட்டில் பசைகளின் அமிலத்தன்மை, வெளிச்சம் இல்லாமல் தானாக இறுகும் ரெசினோடு ஒத்துப்போகாது. வேருக்குள் ஆழத்தில் லைட் எட்டாது என்பதால் அங்கே வைப்பது பெரும்பாலும் அந்த ரெசின்தான். சில ஒரு பாட்டில் பசைகளுக்குத் இதற்காகவே தனியாகக் கலக்க ஒரு திரவம் வரும், அதைச் சேர்க்காமல் விடவே கூடாது.

மூன்றாவது, தானே ஒட்டும் ரெசின் சிமெண்ட். ஆசிடும் வேண்டாம், பாண்டிங்கும் வேண்டாம், கலந்து வைத்தால் போதும். ஃபைபர் போஸ்ட் (ஃபில்லிங் பிடித்துக்கொள்ள வேருக்குள் செருகும் நார்க் குச்சி) ஒட்ட இது நல்ல தேர்வு, ஏனென்றால் வேருக்குள் படிப்படியாகப் பூசி ஊதுவதே பெரும்பாடு. கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் நான்காவது. பல்லோடு தானே பிணையும், ஈரத்தைப் பொறுக்கும். நடு அறையின் தரையில் அடிப்படலமாக வைக்க ஏற்றது, தனியாக மெல்லும் பாரத்தைத் தாங்காது.

ஆனால் அந்த அம்மாவின் ஃபில்லிங் கழன்றதற்கு இந்த நான்கில் எதையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். பல்லின் சுவரை ஸ்பூன் போன்ற சுரண்டும் கருவியால் மெல்லச் சுரண்டினேன். வெள்ளையாக, மாவுபோல ஒரு படலம் வந்தது, லேசாகக் கிராம்பு வாசனை. பழைய சீலரும் தற்காலிக அடைப்பும் முழுதாக எடுக்கப்படவே இல்லை. அதன் மேல் எந்தப் பசை பூசினாலும் சுண்ணாம்பு உதிரும் சுவரில் போஸ்டர் ஒட்டிய கதைதான். பத்து வருடங்களுக்கு முன் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். அப்போது பாட்டிலைத்தான் மாற்றினேன், சுவரைப் பார்க்கவில்லை.

இப்போது வரிசை இப்படி. எச்சில் படாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் டேம் கட்டாயம். ஹைப்போகுளோரைட்டுக்குப் பின் இ.டி.டி.ஏ. என்ற, கனிமத் துகளைக் கரைக்கும் திரவம், கடைசியில் நிறையத் தண்ணீர். சீலரை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, சுவரிலிருந்து ஒரு மெல்லிய அடுக்கை பர் என்ற துளைக்கும் முனையால் சீவிப் புது டென்டினை வெளியே கொண்டுவருகிறேன். ஹைப்போகுளோரைட்டின் பாதிப்பை 10 சதவீத சோடியம் அஸ்கார்பேட் கரைசல் பெருமளவு சரிசெய்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. வைட்டமின் சி-யின் உப்புதான் அது. சீவ முடியாத வேர்க்குழாய்க்குள் அதற்குத்தான் மதிப்பு.

போஸ்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. போஸ்ட் பல்லைப் பலப்படுத்தாது. ஃபில்லிங் பிடித்துக்கொள்ளச் சுவரே இல்லாதபோது மட்டும் தேவை. வார்ப்பு உலோகப் போஸ்டா ஃபைபரா என்றால், தோற்கும் விதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஃபைபர் பெரும்பாலும் கழன்று வரும், திரும்ப ஒட்டலாம். உலோகம் தோற்கும்போது வேரே பிளக்கும் ஆபத்து அதிகம், பிளந்தால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். ஃபைபர் கழல்வதும் ஏன் என்று யோசித்தால் புரியும். ரெசின் இறுகும்போது சுருங்கும். சாதாரணக் குழியில் ஐந்து பக்கம் ஒட்டியிருந்தாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும், சுருக்கத்தின் இழுவிசை அங்கே தளரும். வேருக்குள் ஒட்டிய பரப்பு திறந்த பரப்பைப்போல 200 மடங்கைக்கூடத் தாண்டலாம். தளர இடமில்லாமல் ஒட்டையே பிய்க்கும்.

கேப் வேண்டுமா, ஃபில்லிங் போதாதா என்று செலவை நினைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு பழைய அளவீட்டைச் சொல்வேன். 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்கடைவாய்ப் பற்களில் அளந்தார்கள். ரூட் கெனாலுக்காகத் துளையிட்டதில் குறைந்த விறைப்பு 5 சதவீதம்தான். இரண்டு பக்க விளிம்பும் போன சொத்தைக் குழியில் 63 சதவீதம். ஆகவே முன்பல்லில் சின்னத் துளை மட்டும் இருந்தால் நல்ல கம்போசிட் (பல் நிற ரெசின் ஃபில்லிங்) போதும். விளிம்புகள் போன கடைவாய்ப் பல்லுக்குக் கேப் வேண்டும். ரூட் கெனால் முடிந்த 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை 1995இல் ரேயும் ட்ரோப்பும் பார்த்தபோது, வேர் வேலையும் மேல் அடைப்பும் நன்றாக இருந்தவற்றில் 91.4 சதவீதம் வேர் நுனியில் அழற்சி இல்லாமல் இருந்தன. இரண்டும் மோசமானவற்றில் 18.1 சதவீதம்தான். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் திரியாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

அந்த அம்மாவின் பல்லில் ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிச்சம் இருந்தது, போஸ்ட் தேவைப்படவில்லை. சுவரைச் சீவி, விளிம்பு எனாமலுக்கு ஜெல் வைத்துக் கழுவி, உள்ளே இரண்டு பாட்டில் பசை பூசி, 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகக் கம்போசிட் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் லைட் காட்டும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அளவெடுத்தாயிற்று. புதுக் கேப் வரும்வரை தற்காலிகக் கேப்பை யூஜினால் இல்லாத சிமெண்டால் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறார்.