மெலிந்துபோகும் டயாலிசிஸ் முதியவருக்கு எது நல்லது: முட்டையா, பவுடரா, டிரிப்ஸா?

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது பருப்பு, முட்டையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும். ஆனாலும் பல வீடுகளில் பழைய பத்தியம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ரத்தம் சுத்தமாகும்போதும் புரதத்தின் அடிப்படைப் பொருளான அமினோ அமிலம் ஏறக்குறைய 6 முதல் 12 கிராம் வெளியேறிவிடுகிறது. அதனால் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ உள்ள பாட்டிக்கு 50–60 கிராம். இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

மெலிவது சட்டென்று தெரியாது. சதை கரைந்த இடத்தில் நீர் சேர்ந்துகொள்வதால் எடை அப்படியே இருப்பதுபோல் காட்டும். தோள், தொடை, நெற்றிப்பொட்டு ஒட்டிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைவதும் ஒரு அடையாளம்தான், ஆனால் கிருமித்தொற்று, வீக்கம் இருந்தாலும் அது இறங்கும்.

என் முதல் ஓட்டு முட்டை வெள்ளைக்கருவுக்கு. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம். பழுதான சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் சேரும் பாஸ்பரஸ் இதில் மிகக் குறைவு. பாஸ்பரஸெல்லாம் மஞ்சள் கருவில்தான். விலை மலிவு, மென்மையானது, பல்செட் கழன்றவரும் சாப்பிடலாம். மீனும் கோழியும் பிடித்தால் இன்னும் நல்லது. சைவம் என்றால் கொஞ்சம் சிரமம். பால், பன்னீரில் பாஸ்பரஸ் அதிகம். பருப்பில் உள்ள பாஸ்பரஸை உடல் முழுதாக உறிஞ்சுவதில்லை என்பதால் அதை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. அளவையும் பொட்டாசியத்தையும் டயட்டீஷியன் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும். "இதைத் தொடாதே, அதைத் தொடாதே" என்று எல்லாவற்றையும் தடுத்தால் ஏற்கெனவே பசியில்லாதவர் தட்டையே தள்ளிவிடுவார்.

சாப்பாட்டால் முடியவில்லையா, அப்புறம் பவுடர். கடையில் கிடைக்கும் பொதுவான ஊட்டச்சத்து பவுடர் வேண்டாம், பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடிவிடலாம். சிறுநீரக நோயாளிகளுக்கானதிலும் டயாலிசிஸுக்கு முந்தையவர்களுக்குக் குறைந்த புரதம், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதிகப் புரதம் என்று இரண்டு வகை உண்டு. டப்பாவைப் படித்து வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கலக்கும் தண்ணீர் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். இரண்டு நாளில் நிறுத்தாமல் குறைந்தது மூன்று மாதமாவது பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் நடக்கும்போதே ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றும் டிரிப்ஸ் உண்டு. விலை அதிகம், சர்க்கரை ஏறும். டயாலிசிஸ் நாட்களில் மட்டும்தான் கிடைக்கும், மற்ற நாட்களுக்கு உதவாது. பிரான்ஸில் 186 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வந்தது. எல்லோரும் வாய்வழியே சத்து பானம் குடித்தார்கள், ஒரு பிரிவினருக்குக் கூடவே ஓராண்டு டிரிப்ஸ். இரண்டாண்டு முடிவில் டிரிப்ஸ் ஏற்றியவர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கவில்லை. விழுங்க முடிந்தவருக்கு இதைத் தேடி அலைய வேண்டாம் என்பேன். சாப்பிட்டும் போதாதபோது, சத்து பானமும் ஒத்துக்கொள்ளாதபோது டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

டயாலிசிஸ் நாற்காலியிலேயே முட்டை கொடுக்கலாமா? பிபி இறங்காதவர், நிமிர்ந்து உட்காரக்கூடியவர் என்றால் பல சென்டர்களில் கொடுக்கிறார்கள். பிபி சரிகிற முதியவருக்கு முடிந்து வீடு வந்தபிறகு கொடுங்கள். விழுங்கும்போது புரையேறுபவருக்கு மட்டும் வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அவருக்கு மூக்கு வழிக் குழாயா, வயிற்றில் குழாயா என்பதை டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அவர் பேசும் நிலையில் இருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள்.