கலிஃபோர்னியாவில் முடக்கப்படும் லைசென்ஸ்: விசாரணை கேட்பதா, மூச்சுக் கருவி பொருத்துவதா?

கலிஃபோர்னியாவில் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதாகிறவரிடமிருந்து, அந்த மாநில லைசென்ஸைப் போலீஸ் அதிகாரி வாங்கிக்கொண்டு, இளஞ்சிவப்புத் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார். அந்தத் தாள்தான் அடுத்த 30 நாள்களுக்குத் தற்காலிக உரிமம். ஆனால் டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறையிடம் விசாரணை கேட்க 10 நாள்களே அவகாசம் உண்டு. பலர் நீதிமன்றத் தேதியை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள். நீதிமன்ற வழக்கு வேறு, துறையின் நடவடிக்கை வேறு. அரசுத் தரப்பு வழக்கையே கைவிட்டாலும் துறை விதித்த முடக்கம் தானாக நீங்கிவிடாது.

ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, முதல்முறை சிக்கிய 21 வயது நிரம்பியவருக்கு 4 மாத முடக்கம். அவர் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, விசாரணை. இதில் ஆராயப்படுபவை மூன்றே கேள்விகள்: சந்தேகிக்க அதிகாரிக்கு நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படி நடந்ததா, ஓட்டும்போது அளவு 0.08-ஐ எட்டியிருந்ததா. வேலைக்குப் போக வண்டி வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற முறையீடுகளுக்கு இங்கே இடமில்லை. குற்றவியல் நீதிமன்றத்தைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை என்பதால், தராசு துறையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. முன்பெல்லாம் துறைக்காக வாதாடியவரே தீர்ப்பும் சொன்னார். அது முறையான நீதி நடைமுறைக்கு எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சொன்ன பிறகே இரண்டு வேலைகளும் பிரிக்கப்பட்டன.

ஆனாலும் ஓட்டைகள் கிடைப்பதுண்டு. மூச்சுப் பரிசோதனைக்கு முன் 15 நிமிடங்கள் தொடர்ச்சியாக அவரைக் கண்காணித்திருக்க வேண்டும். எடுத்த இரண்டு அளவுகளுக்கும் இடையே 0.02-க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அந்த 15 நிமிடங்களில் அதிகாரி காரைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார் என்று அறிக்கையிலோ உடல் கேமராப் பதிவிலோ தெரியவந்தால், வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். அதிகாரிக்குச் சம்மன் அனுப்பி, சத்தியப் பிரமாணத்தின் கீழ் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியும்; அங்கே அவர் சொல்லும் பதில் பின்னர் நீதிமன்றத்திலும் உதவும். என் பார்வையில், தோற்கும் வாய்ப்பு அதிகமுள்ள விசாரணையையும் கேட்டு வைப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இரண்டாவது பாதை, வண்டியில் இக்னிஷன் இன்டர்லாக் கருவியைப் பொருத்திக்கொள்வது. ஊதிய மூச்சில் மது இல்லையென்றால்தான் எஞ்சின் கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். 2019 முதல், காத்திருக்காமலே இந்தக் கட்டுப்பாட்டு உரிமத்தைப் பெறலாம். பள்ளிக்கோ கடைக்கோ எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். கருவி வேண்டாம் என்பவர் 30 நாள்கள் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த 5 மாதங்களுக்கு வேலைக்கும் மதுப் பயிற்சி வகுப்புக்கும் மட்டும் ஓட்ட அனுமதி கேட்கலாம். எதுவானாலும் வகுப்பில் சேர்ந்த சான்றும், எஸ்.ஆர்.-22 காப்பீட்டுச் சான்றும், கட்டணமும் தேவை.

இந்த இரண்டு பாதைகளையும் எதிரெதிராகப் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து. 10 நாள்களுக்குள் கேட்டுவிட்டால், விசாரணை தள்ளிப்போகும் பட்சத்தில் முடிவு வரும்வரை முடக்கம் நிறுத்திவைக்கப்படும். தோற்ற பிறகும் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். முதலிலேயே விட்டுக்கொடுத்தவருக்கோ அந்தக் குறுக்கு விசாரணை வாய்ப்பு திரும்பக் கிடைப்பதில்லை. விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும்: கைதை மட்டுமே காரணமாக வைத்து அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும், இங்கே வென்றாலும் அது தடைபடாது.

கைதான பின் பரிசோதனைக்கே மறுத்தவரின் நிலை வேறு. முதல்முறைக்கே ஓராண்டு முடக்கம், அதில் கட்டுப்பாட்டு உரிமமும் கிடையாது. மறுத்தால் உரிமம் பறிபோகும் என்று அதிகாரி முறையாக எச்சரித்தாரா என்பதும் அவரது விசாரணையில் ஆராயப்படும் என்பதால், அவருக்கு அந்த 10 நாள்களைத் தவிர வேறு வழியே இல்லை.