ஓபன்ஆபிஸ், லிப்ரேஆபிஸ், ஒன்லிஆபிஸ்: அலுவலகத்துக்கு எது தயார்?

பத்துக் கணினி உள்ள ஒரு சிறிய அலுவலகத்துக்கு இலவச ஆபிஸ் மென்பொருள் எதைப் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். இன்றும் பலர் சட்டென்று சொல்வது ஓபன்ஆபிஸ்தான். அந்தப் பெயர் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இந்த மூன்றில் அலுவலக வேலைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டாதது அதுதான்.

ஒரு கட்டற்ற மென்பொருள் அலுவலக வேலைக்குத் தயாரா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க முறைகள் இருக்கின்றன. 2005-இல் இன்டெல், ஸ்பைக்சோர்ஸ், கார்னகி மெலன் வெஸ்ட் ஆகியவை சேர்ந்து ‘பிசினஸ் ரெடினஸ் ரேட்டிங்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. வசதி, பாதுகாப்பு, ஆதரவு, சமூகம் என்று பன்னிரண்டு தலைப்புகள் அதில் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விவரம்: பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால் அதை அடைக்க எத்தனை நாள் ஆகிறது?

ஓபன்ஆபிஸும் லிப்ரேஆபிஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999-இல் ஸ்டார்ஆபிஸ் மென்பொருளை உருவாக்கிய ஸ்டார் டிவிஷனை வாங்கி, மறு ஆண்டே மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த செப்டம்பரிலேயே நிரலாளர்களில் பலர் பிரிந்துபோய் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். லிப்ரேஆபிஸ் பிறந்தது அப்படித்தான். ஆரக்கிளோ 2011-இல் பழைய பெயரையும் நிரலையும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஆக, பெயர் ஓரிடம் போனது, ஆட்கள் வேறிடம் போனார்கள்.

விளைவைப் பதிப்பு எண்களிலேயே பார்க்கலாம். ஓபன்ஆபிஸ் 4.1 வந்தது 2014 ஏப்ரலில். 2023 டிசம்பரில் வந்தது 4.1.15. இந்த ஒன்பதரை ஆண்டுகளில் பெரிய பதிப்பு ஒன்றுகூட இல்லை. லிப்ரேஆபிஸில் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள். இடையிடையே திருத்தப் பதிப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

2016-இல் நடந்ததை நான் மறக்கவில்லை. தீய நோக்கத்தோடு தயாரித்த இம்ப்ரெஸ் (ஸ்லைடு காட்சி) கோப்பு ஒன்றைத் திறந்தாலே ஆபத்து என்ற அளவுக்கு ஒரு பாதுகாப்பு ஓட்டை ஓபன்ஆபிஸில் இருப்பதாக ஜூலையில் அறிவிப்பு வந்தது. கூடவே புதிய பதிப்பு வரவில்லை. ஆகஸ்டில் கொடுத்த தற்காலிகத் தீர்வும், நிறுவிய இடத்தைத் தேடிப் போய் ஒரு கோப்பை நாமே கையால் மாற்றி வைக்கும் வேலைதான். முறையான பதிப்பு அக்டோபரில் வந்தது. கணக்கர் மேசையிலும் வரவேற்பு மேசையிலும் இருக்கும் கணினிகளில் அந்தக் கோப்பு மாற்றும் வேலையை யார் போய்ச் செய்வது? அதே ஆண்டு, திட்டத்தையே மூடிவிடலாமா என்று அதன் தலைவரே வெளிப்படையாக விவாதத்தைத் தொடங்கினார். மிஞ்சியிருந்த தன்னார்வலர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நிரலுக்கு அத்தனை பேர் போதாது, அவ்வளவுதான்.

உரிமமும் ஒருவழிப் பாதை. அப்பாச்சி உரிமத்தில் உள்ள ஓபன்ஆபிஸ் நிரலை லிப்ரேஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம்; லிப்ரேஆபிஸின் நிரலை ஓபன்ஆபிஸ்காரர்கள் அப்படி எடுக்க முடியாது. அதனால் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. ஓபன்ஆபிஸ் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்காது. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டிய அலுவலகத்துக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. 2017-இல் வந்த லிப்ரேஆபிஸ் 5.3, எழுத்துகளைக் கோக்கும் வேலையை விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரல் நூலகத்திடம் ஒப்படைத்தது. ‘கொ’, ‘ஸ்ரீ’ போன்றவை ஒரு கணினியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி கோக்கப்படும் தொல்லை பெருமளவு குறையும்.

சரி, லிப்ரேஆபிஸில் குறையே இல்லையா? உண்டு. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் கட்டண ஆதரவு தருவதில்லை. 2021-இல் வந்த 7.1-இலிருந்து இலவசப் பதிப்புக்குச் சில காலம் ‘கம்யூனிட்டி’ என்று பெயரிட்டதே, நிறுவனங்கள் லிப்ரேஆபிஸுக்குக் கட்டணச் சேவை தரும் கொலாபோரா போன்றவர்களிடம் ஆதரவு வாங்க வேண்டும் என்று நினைவூட்டத்தான். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறக்குறைய ஒன்பது மாதமே திருத்தங்கள் வரும் என்பதால், புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 30,000 கணினிகளில் லிப்ரேஆபிஸுக்கு மாறுவதாக 2024-இல் அறிவித்தது. அதைப் பார்த்து நாமும் மாறலாம் என்று நினைப்பவர்கள், அரசுக்கென்று தனித் தொழில்நுட்பப் பிரிவு இருப்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒன்லிஆபிஸ் வேறு வழியில் வந்தது. லாட்வியாவின் ரிகாவில் உள்ள அசென்சியோ சிஸ்டம் என்ற ஒரே நிறுவனத்தின் படைப்பு, உரிமம் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல் கோப்பு)தான் அதன் அடிப்படை வடிவங்கள். உலாவியில் நாலு பேர் சேர்ந்து ஒரே கோப்பைத் திருத்தும் வேலைக்கு இந்த மூன்றில் என் தேர்வு இதுதான். பணம் கொடுத்தால் பதில் சொல்ல ஆளும் உண்டு. ஆனால் அந்த ஒரு நிறுவனம் திசை மாறினால் நிரலை எடுத்து நடத்த வெளியே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எனக்குக் கவலைதான்.

ஓபன்ஆபிஸ் ஏற்கெனவே ஓடும் அலுவலகமா? அது சேமித்த ஓடிடி (.odt), ஓடிஎஸ் (.ods) கோப்புகளை லிப்ரேஆபிஸ் நேரடியாகத் திறக்கும், எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. மேக்ரோக்கள் (கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கி நிரல்கள்) இருந்தால் மட்டும் முதலில் ஒரே கணினியில் போட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மற்றவற்றை மாற்றலாம்.