கல்யாணப் படமும் நடுகல்லும் ஒரே பெட்டியில்: பல வருட டார்க்டேபிள் அனுபவம்

தொழிலுக்குக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. ஆசைக்கு நடுகல். கிருஷ்ணகிரியில் கேமராவோடு இருப்பவருக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. முகூர்த்த நாளென்றால் மண்டபம், மற்ற நாளில் ஊத்தங்கரை, அரூர், பாலக்கோடு பக்கம் நடுகல்லைச் சாமியாக வைத்துக் கும்பிடும் ஏதாவது ஒரு வேடியப்பன் கோயில். இந்த இரண்டு வகைப் படங்களையும் பல வருடமாக டார்க்டேபிளில்தான் திருத்துகிறேன். காசு கொடுக்கத் தேவையில்லாத திறந்த மூல மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். நிறத்தை எப்படிக் கையாள்கிறது, இரைச்சலை எப்படிக் குறைக்கிறது என்பதையெல்லாம் சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். படம் மலைபோலச் சேர்ந்த பிறகு அதில் வேண்டியதைத் தேடி எடுக்க இது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். எடிட்டிங் மென்பொருள் எதுவானாலும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். அதன் குணம் தெரிய சில முகூர்த்த சீசன்கள் போக வேண்டும்.

டார்க்டேபிளைத் திறந்ததும் வருவது லைட்டேபிள். எல்லாப் படங்களையும் பரப்பி வைத்துப் பார்க்கிற இடம் அது. திருத்துகிற டார்க்ரூம் அதற்கு அடுத்ததுதான். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று முதல் ஐந்து வரை எண் விசையைத் தட்டினால் நட்சத்திரம் விழும், ஆர் தட்டினால் படம் ஒதுக்கப்படும், எஃப்1 முதல் எஃப்5 வரை ஐந்து நிறக் குறிகள். என் கணக்கில் சிவப்பு என்றால் ஆல்பத்துக்கு, மஞ்சள் என்றால் வீட்டுக்காரர் தனியாகக் கேட்டது, பச்சை என்றால் பிரிண்ட் போய்விட்டது. மண்டபத்திலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்தாலும் விரல் தன்னால் வேலை செய்யும்.

ஆனால் உயிர்நாடி டேக் வசதிதான், அதாவது படத்துக்குக் குறிச்சொல் போட்டு வைப்பது. ஒரு டேக்குக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று கிளை கிளையாகப் பிரிக்கலாம். நடுவில் ஒரு நெட்டுக்கோடு போட்டால் போதும். "பெரியவர்|தனி" என்று ஒரு டேக் வைத்திருக்கிறேன். அது ஏன் என்று ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் பாலக்கோட்டிலிருந்து போன் வந்தது.

"தம்பி, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குப் படம் எடுத்தீங்களே, அதுல எங்கம்மா தனியா உக்காந்திருக்கிற மாதிரி ஒண்ணு இருக்குமா? சாயங்காலம் தவறிட்டாங்க. ஃப்ளெக்ஸ்காரர் காத்துக்கிட்டு இருக்கார்."

"இருக்குங்கண்ணா, அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறேன்."

துக்க வீட்டுக்காரரிடம் "தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் காக்க வைக்கிற வேதனை ஒருமுறை பட்டவர் மறக்க மாட்டார். அந்தக் கல்யாணத்தின் பெயரையும் "பெரியவர்|தனி" டேக்கையும் சேர்த்துத் தேடினேன். முன்வரிசை நாற்காலியில் மடியில் தாம்பூலப் பையோடு அந்த அம்மா சிரிக்கிற படம் வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவரின் தோளை வெட்டி, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்பிவிட்டேன். எல்லாக் கல்யாணத்திலும் வயதானவர்களைத் தனித்தனியாக ஒரு படமாவது எடுத்து, படங்களைத் தரம் பிரிக்கும்போதே டேக் போட்டுவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. வீட்டிலேயே பாட்டிக்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லாத குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நடுகல்லுக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகல் நிறைந்த பூமி. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டோடு வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த கற்கள்கூட இங்கே உண்டு. மாடு பிடிக்கப் போனவன், மாட்டை மீட்கப் போனவன், புலியைக் குத்தி இறந்தவன், கணவனோடு உயிர்விட்டவள் என்று வகைகள் பல. படம் எடுக்கிறவனுக்கு இதில் ஒரு சிக்கல்: கோப்புறையில் ஊர் பெயர் போட்டு வைத்தால் வகை தெரியாது, வகைவாரியாக வைத்தால் ஊர் தொலைந்துபோகும். டேக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரே படத்துக்கு "நடுகல்|புலிக்குத்தி", "எழுத்து|வட்டெழுத்து", "ஆயுதம்|வில்", "காலடி|கெண்டி" என்று எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

அந்தக் கடைசி டேக் தற்செயலாக ஆரம்பித்தது. பழைய நடுகற்களில் வீரனின் காலடியை ஒட்டிக் கெண்டியும் (மூக்கு வைத்த சொம்பு) சிமிழும் செதுக்கியிருக்கும். மஞ்சளும் எண்ணெயும் ஏறிய கல்லில் நேரே பார்த்தால் அது தெரியாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்து, டார்க்ரூமில் லோக்கல் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் கெண்டியின் மூக்கு மெல்ல வெளியே வரும். அப்படி ஒன்று தெரிந்ததும், பழைய படங்களை எல்லாம் மறுபடி திறந்து காலடியைப் பார்க்கத் தோன்றியது. இப்போது கலெக்‌ஷன்ஸ் பகுதியில் "கெண்டி உண்டு, எழுத்து இல்லை" என்று இரண்டு விதி போட்டால் வெவ்வேறு வட்டத்துக் கற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நேரில் ஒருநாளும் அவற்றை அப்படிப் பார்த்திருக்க முடியாது. கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாளைப் பிடித்த கை எப்படி மடங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் உட்காரலாம். இந்த மாதிரி விதிகளைப் பெயர் வைத்துச் சேமித்தும் வைக்கலாம். புதிதாகச் சேர்க்கும் படத்துக்கு அதே டேக் இருந்தால் அதுவும் தானாக உள்ளே வந்துவிடும்.

இடத்துக்கு டேக் போடுகிறவர்கள் நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து 1965இல் பிரிந்தது தருமபுரி. அதிலிருந்து 2004இல் பிரிந்தது கிருஷ்ணகிரி. பழைய பதிவில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கிற கல் இன்றைக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும். அதனால் ஊர் பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு வட்டத்தையும் மாவட்டத்தையும் மேல்கிளையாக வைத்தேன். நாளைக்கு எல்லை மாறினாலும் மேல்கிளையின் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறிவிடும். ஜிபிஎஸ் குறிப்பு இருந்தால் மேப் பகுதியில் வரைபடத்தின்மேலேயே படங்களைப் பார்க்கலாம், அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்குவது.

திருத்தங்களையும் இதேபோல அடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு படத்தில் செய்த திருத்தங்களை ஸ்டைல் என்று சேமிக்கும்போது, பெயரில் அதே நெட்டுக்கோடு போட்டால் அதுவும் கிளையாகப் பிரியும். "மண்டபம்|மஞ்சள் விளக்கு", "மண்டபம்|எல்இடி திரை", "கல்|பக்க வெளிச்சம்" என்று வைத்திருக்கிறேன். மண்டபத்து மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வந்த பிறகு முகமெல்லாம் ஊதா நிறம் ஏறுவது பெரிய தலைவலி. அதைச் சரிசெய்த ஸ்டைல் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி போனில் போஸ்டர் போடுகிற ஆப். பெயர் வேண்டாம், அதையும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். எருது விடும் விழா, கோயில் திருவிழா, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில்தான். டெம்ப்ளேட்டுக்குக் குறைவில்லை. திறந்தவுடன் முகப்பு முழுக்கப் புதுசு புதுசாகக் கொட்டுகிறது. ஆனால் போன தை மாதம் நானே போட்ட போஸ்டரைத் தேடினால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிடித்தவை என்று இதயம் போட்டது எல்லாம் ஒரே பையில் கிடக்கிறது, அதைப் பிரிக்க வழியில்லை. போஸ்டருக்குள் நான் தட்டச்சு செய்த ஊர் பெயரைத் தேடினால்கூட வராது. எழுத்து அதனுள்ளேயேதான் இருக்கிறது, தேடித் தருவதில் என்ன கஷ்டம்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே அழைப்பிதழைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள். மூன்றும் ஒரே வேலை என்று சேர்த்துக் கட்டி வைக்க அதில் இடமே இல்லை. எந்த டெம்ப்ளேட்டை யாருக்குப் போட்டேன் என்று ஒரு சின்னக் குறிப்பாவது இருந்தால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே டிசைன் போய்ச் சங்கடப்படாமல் இருக்கலாம்.

இதைச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். புது டெம்ப்ளேட் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முகப்பில் முதல் வரிசை என் வேலைகளாக இருக்கட்டும். தேடல் பெட்டி முதலில் என் படங்களிலும் என் எழுத்திலும் தேடட்டும், அப்புறம் உங்கள் கடைக்குப் போகட்டும். பிடித்தவைக்குள் பிரிவு வைக்க விடுங்கள். நான் போட்ட குறிப்பை நான் வெளியே எடுத்துப் போகவும் வழி வையுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் டார்க்டேபிளை மனதார நம்புகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பு எழுதி வைக்கும். டேக், நட்சத்திரம், திருத்தம் எல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்எம்பி 2001இல் அடோபி கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அதனால் டேக்கும் நட்சத்திரமும் மற்ற மென்பொருள்களுக்கும் புரியும். திருத்தம் மட்டும் டார்க்டேபிளுக்குத்தான் புரியும். நகல் எடுக்கும்போது அந்தக் கோப்புகளையும் சேர்த்தே எடுங்கள்.

குறையும் உண்டு. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் வசதி இதில் கிடையாது, அது வேண்டுமென்றால் டிஜிகாம் என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் போக வேண்டும். போனுக்கு வடிவம் இல்லை. கோப்புறையை வெளியே ஃபைல் மேனேஜரில் நகர்த்தினால் இதற்குத் தெரியாது, படத்துக்குப் பதில் மண்டை ஓடு காட்டும். உள்ளேயிருந்தே நகர்த்தப் பழக வேண்டும். திருத்தும் பகுதியும் புதியவர்களுக்கு லேசில் பிடிபடாது. ஒரு சீசன் பொறுமை வேண்டும். அவசரத்துக்கு ஒரு படத்தை மட்டும் அழகாக்கி ஸ்டேட்டஸ் போடுகிறவருக்கு இது தேவையே இல்லை.

டேக் பட்டியலை மட்டும் தனியாக ஒரு உரைக் கோப்பாக வெளியே எடுக்கலாம், இன்னொரு கணினியில் அப்படியே ஏற்றலாம். நடுகல்லுக்கு நான் போட்டு வைத்த கிளைகள் அப்படி ஒரு கோப்பாகத் தயாராக இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கற்களைப் படமெடுக்கிற யார் கேட்டாலும் தருகிறேன். ஆயுதப் பிரிவு இன்னும் சரியாக அமையவில்லை, குறுவாளையும் நீள்வாளையும் எந்த அளவில் பிரிப்பது என்று தெரிந்தவர்கள் திருத்திக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன்.