மூச்சா, நடையா, உடலா: டென்ஷனுக்கு எதில் தொடங்குவது?

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிப்பது, என்றாலே கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சு ஒரு வழிதான். நடையைக் கவனிப்பதும், உடலைப் பகுதி பகுதியாகக் கவனிப்பதும் அதற்குச் சமமான வழிகள். சென்னையின் ஓஎம்ஆர் சாலை நெரிசலில் ஊர்ந்து, தலை கனத்து வீடு சேர்பவருக்கு எங்கள் சிபாரிசு முதலில் நடை. மூச்சு பிறகு.

மூச்சுக்கு இடமும் வேண்டாம், செலவும் இல்லை. தரமணியில் பறக்கும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் அங்கேயே செய்யலாம். மூக்கு நுனியில் காற்று படுவதைக் கவனித்து, வெளியே விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண், 1 முதல் 10 வரை. பிறகு மறுபடி 1. எண்ணிக்கை 14, 15 என்று ஓடிக்கொண்டிருந்தால் மனம் எப்போதோ ஆபீஸ் மெயிலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நொந்துகொள்ளாமல் 1-க்குத் திரும்பினால் போதும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. பெரும்பாலோர் சறுக்குவது மூச்சை இழுத்து இழுத்து விடுவதில். தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஏற்கெனவே படபடப்பில் இருப்பவர் அதை நெஞ்சுவலியின் தொடக்கம் என்று எண்ணிப் பயந்துவிடுவார். நடையை முன்னால் வைக்க இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பாதத்தில் படும் உணர்வு மூச்சைவிட அழுத்தமானது. அலைகிற மனம் பிடித்துக்கொள்ள அது நல்ல பிடி. மொட்டை மாடியில் 12, 15 அடி வைக்கும் நீளம் போதும். செருப்பைக் கழற்றுங்கள். குதிகால் பதிகிறது, உள்ளங்கால் அழுந்துகிறது, விரல்கள் தரையைத் தள்ளி எழும்புகின்றன: இந்த மூன்றையும் ஒவ்வொரு அடியிலும் கவனியுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், பார்வை ஓர் ஆள் உயரத் தூரத்தில் தரையில். முனை வந்ததும் நின்று, இரண்டு கால்களிலும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்புங்கள். பத்து நிமிடம். ரொம்ப மெதுவாக நடந்தால் தடுமாறும். கோயில் பிராகாரம் சுற்றும் வேகம் சரி. கோடையில் சிமெண்ட் தளம் பகல் சூட்டை இரவு வரை விடாது, அதனால் காலை ஆறரைக்குள் முடிப்பது நல்லது. காதில் இயர்போன் மாட்டி, கைக்கடிகாரத்தில் அடிக்கணக்குப் பார்த்து நடப்பது உடற்பயிற்சி. அதுவும் நல்லதுதான், ஆனால் இது அல்ல. ஆபீஸில் என்றால் சீட்டிலிருந்து தண்ணீர் கேன் வரை போகும் இருபது அடி போதும்.

உடலைக் கவனிப்பது பொறுமை கேட்கும். படுத்து, இடது கால் விரலில் தொடங்கி இடுப்பு வரை, பிறகு வலது கால், முதுகு, வயிறு, தோள், தாடை. ஒவ்வோர் இடத்திலும் நாலைந்து மூச்சு நேரம். பல்லைக் கடித்துக்கொண்டே நாள் முழுக்கத் திரையைப் பார்த்திருப்பது தாடைக்கு வரும்போதுதான் தெரியவரும். தூங்கிவிடுவதுதான் இதில் சிக்கல். இரவு சாப்பாட்டுக்கு முன், நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் தூக்கம் அவ்வளவாக வராது. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் வகுத்த எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் வீட்டில் தினமும் 45 நிமிடம் செய்யச் சொல்வார்கள். இங்கே 15 நிமிடத்தில் ஆரம்பித்தால்தான் விடாமல் தொடர முடியும்.

சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் தம்ம சேது தியான மையத்தில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாம் வேறு தளம். கட்டணம் இல்லை, போனை ஒப்படைத்துவிட்டு, பேச்சில்லாமல், விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். வேலை நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது முதல் முயற்சியாக அங்கே போய் உட்கார வேண்டாம்.

எந்த வழியானாலும், உட்கார்ந்ததும் படபடப்பு கூடினால் கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.